கல்லைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் காற்றை அளக்க வேண்டும்

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மக்களின் நினைவுக்கு வருவன ஹிரோஷிமாவும் செர்னோபிலும் புக்குஷிமாவுமே. மனிதன் உண்டாக்கிய பேரழிவுகளோடு மாத்திரம் அச்சொல்லைத் தொடர்புபடுத்திப் பழகிவிட்டோம். எனவே, காலடியிலுள்ள பாறையிலிருந்தும் கதிர்கள் ஓயாது வெளிப்படுகின்றன என்பதை ஒருவர் முதன்முறையாக அறியும்போது அவர் அச்சமடைவதில் வியப்பில்லை. வீட்டில் பதித்த கிறனைட் பலகை புற்றுநோயைத் தரும் என்ற பேச்சு கைத்தொலைபேசி வழியாகப் பரவுகின்றது. கல்லுக்குள் கதிராவது ஒன்றாவது என்று நகைத்து ஒதுக்குவோரும் உள்ளனர். இவ்விரு நிலைப்பாடுகளும் மக்களின் நலனுக்கு உகந்தவையல்ல என்பதே எமது கருத்தாகும்.

முதலில் கல்லுக்குள் இருப்பது என்னவென்று நோக்குவோம். பூமி தோன்றிய காலந்தொட்டே யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்க மூலகங்கள் அதன் மேலோட்டில் கலந்துள்ளன. யுரேனியம்-238 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள்; தோரியம்-232 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஆதலால் அவை இன்னும் அழிந்து தீரவில்லை. ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகும்போது இம்மூலகங்கள் ஏனைய கனியங்களுக்குள் எளிதில் அடங்காமல் இறுதி வரை எஞ்சி நிற்கும். இறுதியில் உறையும் கிறனைட் பாறையிலேயே அவை சேர்கின்றன. ஒரு தொன் கிறனைட்டில் பொதுவாகச் சில கிராம் யுரேனியமும், அதனைப் போல் மூன்று நான்கு மடங்கு தோரியமும் காணப்படுகின்றன. சுண்ணாம்புக் கல்லில் இவற்றின் அளவு பொதுவாக மிகக் குறைவாகும்.

ஐக்கிய நாடுகள் சபையின் அணுக்கதிர்வீச்சு தொடர்பான விஞ்ஞானக் குழுவின் மதிப்பீட்டின்படி, உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குப் பெறும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசிவேட் ஆகும். மண்ணும் பாறையும் கட்டடப் பொருட்களும் வெளியிலிருந்து நேரடியாகத் தரும் பங்கு இதில் ஏறத்தாழ 0.5 மில்லிசிவேட் மாத்திரமே. விண்ணிலிருந்து ஒரு பங்கும் உணவிலிருந்து ஒரு பங்கும் கிடைக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள பொட்டாசியத்திலேயே ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைந்து கொண்டிருக்கின்றன. மொத்த அளவில் ஏறக்குறைய பாதியை நாம் சுவாசிக்கும் காற்றே தருகின்றது. எமது கவனத்துக்கு உரியதும் இதுவேயாகும்.

இலங்கை இவ்விடயத்தில் புறக்கணிக்கத்தக்க நாடன்று. யாழ்ப்பாணக் குடாநாடும் வடமேல் கரையோரத்தின் ஒரு பகுதியும் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்துள்ளன. எனினும் தீவின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. திருகோணமலையில் கோணேசர் ஆலயம் எழுந்து நிற்கும் குன்றும், பலாங்கொடைக்கு அண்மையில் முஸ்லிம் மக்கள் தரிசிக்கச் செல்லும் தப்தர் ஜெய்லானியின் குகைகளும், மலையகத் தேயிலைச் சரிவுகளும் இப்பழம்பாறையின் அங்கங்களே. நாம் கருங்கல் என்று பொதுவாக அழைப்பது பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைட் வகைகளாகும். தூய கிறனைட் தொனிகல போன்ற சில இடங்களிலேயே உள்ளது.

கதிரியக்க விஞ்ஞானத்தின் தொடக்க வரலாற்றில் எமது நாட்டுக்கு ஓர் இடம் உண்டு என்பதையும் இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான கலாநிதி ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராகவே நாம் போற்றி வருகின்றோம். அதற்கு முன்னர் அவர் இலங்கையின் கனிய அளவைப் பணிக்குத் தலைமை தாங்கிய புவிச்சரிதவியலாளராக விளங்கினார். சப்ரகமுவவின் இரத்தினக்கல் சரளைகளில் கிடைத்த, மிகுந்த பாரமுடைய கரிய சதுரப் பளிங்குகள் அவரது காலத்திலேயே, 1904 ஆம் ஆண்டில், ஆராய்ச்சிக்கு உள்ளாகின. அவை பெருமளவு தோரியம் அடங்கிய புதிய கனியம் எனக் கண்டறியப்பட்டு, தோரியனைட் எனப் பெயரிடப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே லண்டனில் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மனிய இளைஞர், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருளில் புதிய கதிரியக்கப் பதார்த்தம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அணுப்பிளவைக் கண்டறிந்து நொபெல் பரிசு பெற்றவரும் அவரே. இவ்வாறு எமது மண்ணின் கதிரியக்கத்தை உலகம் 120 ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது.

பாறையிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது ரேடியம் உண்டாகின்றது. ரேடியத்திலிருந்து றேடன் என்னும் வாயு பிறக்கின்றது. நிறமோ மணமோ சுவையோ அற்ற இவ்வாயு பாறையின் வெடிப்புகள் வழியாகவும் மண்ணின் துவாரங்கள் வழியாகவும் மேலெழும். திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து ஐதாகிவிடும். தரையில் உள்ள வெடிப்பு வழியாக மூடிய அறைக்குள் புகுந்தால் அங்கே தேங்கும். அதன் அரைவாழ்வுக் காலம் 3.8 நாட்கள். அது சிதைந்து தரும் பொலோனியம் முதலான திண்மத் துகள்கள் தூசியோடு ஒட்டி நுரையீரலின் உட்சுவரில் படிந்து, அங்கிருந்தே அல்பாக் கதிர்களை வெளியிடுகின்றன. அல்பாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். எமது தோலின் மேற்படையைக்கூட அது கடப்பதில்லை. நுரையீரலின் உள்ளே இத்தகைய காப்பு எதுவும் இல்லாமையே ஆபத்துக்குக் காரணமாகும்.

இந்த ஆபத்தை முதலில் தமது உயிரால் அறிந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்களே. ஜேர்மனியின் ஷ்னீபேர்க் சுரங்கங்களில் பல நூற்றாண்டுகளாக மலை நோய் என அழைக்கப்பட்டு வந்த வியாதி நுரையீரலின் கொடிய கட்டியே என 1879 ஆம் ஆண்டில் இரு மருத்துவர்கள் எடுத்துக் காட்டினர். அதற்குக் காரணம் றேடன் என்பது 20 ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகியது. குடியிருக்கும் வீட்டிலும் இவ்வாயு பெருமளவில் தேங்கக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது 1984 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிகழ்ந்த சம்பவமாகும். ஸ்டான்லி வட்ராஸ் என்னும் பொறியியலாளர், இன்னும் இயங்கத் தொடங்காத லிமெரிக் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குச் சென்றபோது, அங்கிருந்த கதிர்வீச்சுக் காட்டி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. அவர் உள்ளே நுழையும்போதே அது ஒலித்ததால் அவரது வீட்டைச் சோதித்தனர். வீட்டின் காற்றில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 100,000 பெக்கரல் றேடன் இருந்தது. வீடு அமைந்திருந்த நிலத்தின் கீழ் யுரேனியம் செறிந்த பழம்பாறைத் தொடர் சென்றமையே அதற்குக் காரணம்.

1988 ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் றேடனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. 2005 ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் 13 ஆய்வுகள் ஒருங்கு சேர்க்கப்பட்டு, 7,000 க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளரின் தரவுகள் ஆராயப்பட்டன. வீட்டுக் காற்றில் அளக்கப்பட்ட றேடன் கன மீற்றருக்கு 100 பெக்கரல் அதிகரிக்கும்போது, அளவீட்டுப் பிழைகளைத் திருத்திக் கணக்கிட்டால், நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதத்தினால் உயர்வதாக அவ்வாய்வு காட்டியது. 2009 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், 100 பெக்கரலை வீடுகளுக்குரிய குறிப்பு மட்டமாகக் கொள்ளுமாறும், அது இயலாத நாடுகளிலும் 300 பெக்கரலுக்கு மேற்படாதிருக்குமாறும் பரிந்துரைத்தது.

இதே ஐரோப்பிய ஆய்வு கூறும் இன்னொரு கணக்கை எமது வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஒருபோதும் புகைக்காதவர்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள், றேடனே இல்லையெனக் கொண்டால், 1,000 பேருக்கு 4 பேர். றேடன் 400 பெக்கரலாக இருப்பின் 7 பேர். புகைப்பவர்களில் இத்தொகை முறையே 100 பேருக்கு 10 பேரும் 16 பேருமாகும். அதாவது, பாறையின் வாயுவையும் சிகரெட்டின் புகையையும் ஒரே நுரையீரல் தாங்க நேரும்போது இழப்பு பன்மடங்காகின்றது. தரையில் பதித்த கல்லைப் பெயர்க்கலாமா என்று ஆலோசிக்கும் ஒருவர் கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு ஆலோசிப்பாராயின், அவர் சிறிய ஆபத்துக்கு அஞ்சிப் பெரிய ஆபத்தை அணைத்துக் கொள்பவராவார்.

கிறனைட் பலகைகள் பற்றிய பீதி எமக்கு மாத்திரம் உரியதன்று. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் சமையலறை மேடைகளில் பதிக்கப்படும் கிறனைட் குறித்து இதே வகையான அச்சம் பரவியது. வீட்டில் தேங்கும் றேடனுக்குப் பிரதான மூலம் வீட்டின் கீழுள்ள நிலமே என்றும், பலகையின் பங்கு பொதுவாக மிகச் சொற்பமே என்றும் அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் விளக்கமளித்தது. இதனால் எந்தக் கல்லையும் சோதிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. சில கிறனைட் வகைகளில் யுரேனியமும் தோரியமும் வழமையை விட அதிகமாக உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஆம் ஆண்டின் பணிப்புரையில், கட்டடப் பொருட்களின் காமாக் கதிரினால் வீட்டினுள் கிடைக்கும் மேலதிக அளவுக்கு ஆண்டொன்றுக்கு 1 மில்லிசிவேட் என்ற குறிப்பு மட்டத்தை நிர்ணயித்தது. அங்கு சோதனைக்குரிய பொருட்களின் பட்டியலில் கிறனைட்டும் இடம்பெற்றுள்ளது. மேடையாகவும் தரையாகவும் பதிக்கும் மெல்லிய பலகையை விட, முழுச் சுவரையும் எழுப்பப் பயன்படும் கல்லே இக்கணிப்பில் முக்கியத்துவம் பெறுகின்றது.

எமது நாட்டில் இதுவரை ஒரு பெரும் பாதுகாப்பு இருந்து வந்தது. அதுதான் காற்றோட்டம். குளிர் நாடுகளில் வெப்பத்தைக் காப்பதற்காக வீடுகளை இறுக மூடுகின்றனர். நிலக்கீழ் அறைகளும் அங்கு அதிகம். நாற்சார் வீடும் திண்ணையும் ஓட்டுக்கூரையும் அகன்ற யன்னலும் கொண்ட எமது பழைய இல்லங்களில் வாயு தேங்குவதற்கு இடமே இருக்கவில்லை. இன்றோ நகரங்களில் குளிரூட்டியின் பொருட்டு யன்னல்கள் நிரந்தரமாக மூடப்படுகின்றன. குழந்தைகளும் முதியோரும் நாளின் பெரும் பகுதியை அவ்வறைகளில் கழிக்கின்றனர். மறுபுறத்தில் மலையகத் தோட்டங்களின் பழைய லயன் அறைகளில் யன்னல்கள் குறைவு. பழம்பாறையின் மேல் அமைந்த அவ்வறைகளில் விறகடுப்பின் புகையும் சேர்கின்றது. இத்தகைய இடங்களிலேயே அளவீடுகள் முதலில் நடைபெற வேண்டும். தோரியத்திலிருந்து பிறக்கும் தோரன் வாயு ஒரு நிமிடத்துக்குள்ளாகவே பாதியாகக் குறைந்துவிடுவதால் சுவருக்கும் தரைக்கும் மிக அண்மையிலேயே காணப்படும். பூசப்படாத மண் தரையில் பாய் விரித்து உறங்குவோர் வாழும் இடங்களில், றேடனோடு தோரனையும் அளக்க வேண்டியது அவசியமாகும்.

காற்றைப் போலவே நீரும் கவனத்துக்குரியது. கிறனைட் பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து பெறும் குழாய்க்கிணற்று நீரில் யுரேனியமும் றேடனும் கரைந்திருக்கக்கூடும். பின்லாந்தில் இது நன்கு அறியப்பட்ட விடயமாகும். நீரிலுள்ள யுரேனியத்தைப் பொறுத்தவரை கதிரை விட, சிறுநீரகத்துக்கு அதன் இரசாயன நச்சுத்தன்மையே முதன்மையாகக் கருதப்படுகின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2011 ஆம் ஆண்டில் லீற்றருக்கு 30 மைக்ரோகிராம் என்ற தற்காலிக வழிகாட்டி அளவை வகுத்தது. ஆழமான குழாய்க்கிணறுகளை நம்பி வாழும் கிராமங்களில், புளோரைட்டைச் சோதிக்கும்போது இதனையும் சேர்த்துச் சோதிப்பது நலம்.

கிறனைட்டினால் உண்டாகும் மிகத் தெளிவான தீங்கு, கதிரைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறக்கப்பட்டு விடுகின்றது. அது கல்லுடைக்கும் தொழிலாளியின் நுரையீரலில் படியும் தூசியாகும். கருங்கல்லில் உள்ள பளிங்குச் சிலிக்கா நுண்துகள்களை நெடுங்காலம் சுவாசிப்பவருக்கு சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாகின்றது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அத்துடன் காசநோய்க்கும் அது வழிதிறக்கின்றது. சிலிக்காத் தூசியும் 1997 ஆம் ஆண்டு முதல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் உள்ளது. மெருகேற்றிய பலகையின் மேல் உணவு சமைப்பவர் கதிரை எண்ணி அஞ்சுகின்றார். அப்பலகையை அறுத்தவரும், வீதிக்குச் சல்லிக்கல் உடைத்தவரும் முகமூடியின்றித் தூசிக்குள் நிற்கின்றனர். நீர் தெளித்துத் துளையிடுதல், தூசியை உறிஞ்சும் கருவி, தரமான முகமூடி, காலத்துக்குக் காலம் மார்புப் பரிசோதனை ஆகியவை பெரும் செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

பாறை சிதைந்து ஆற்றோடு கடலை அடையும்போது அதிலுள்ள பாரமான கனியங்கள் அலையினால் வேறாக்கப்பட்டுக் கரையில் குவிகின்றன. புல்மோட்டையின் கறுப்பு மணல் இவ்வாறு உருவானதே. இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் ஆகியவற்றோடு தோரியம் கொண்ட மொனசைட்டும் அதில் சிறிதளவு உண்டு. இதே வகையான மணல் தென்னிந்தியாவின் கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் உள்ளது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டொன்றுக்கு 70 மில்லிகிரே வரை அளக்கப்பட்டுள்ளது. அங்கு ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அவதானித்த ஆய்வின் முடிவு 2009 ஆம் ஆண்டில் வெளியாகியது. மணலிலிருந்து வரும் காமாக் கதிரினால் புற்றுநோய் அதிகரித்ததாக அதில் காணப்படவில்லை. திறந்த காற்றில் மணலின் மேல் வாழ்வதும், மூடிய அறையில் றேடனைச் சுவாசிப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது.

இதனை இங்கு கூறுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஆம் ஆண்டில் மன்னாரில் காற்றாலைத் திட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தமிழ், முஸ்லிம் மக்கள் ஒன்றிணைந்து குரல் எழுப்பினர். தாழ்ந்த தீவின் மணலை அகழ்ந்தால் நன்னீர் உவராகும், கடல் உட்புகும், குடியிருப்பும் மீன்பிடியும் பாதிக்கப்படும் என்ற அவர்களது கவலை நியாயமானது. அத்தகைய வலுவான வாதங்களோடு அளக்கப்படாத கதிரச்சத்தைக் கலந்தால், எதிர்த்தரப்பு அதனை மாத்திரம் பிடித்துக்கொண்டு முழுக் கோரிக்கையையும் அறியாமை எனத் தள்ளிவிடும். மறுபுறத்தில், மணலைப் பிரித்தெடுக்கும் ஆலைகளில் மொனசைட்டும் சேர்க்கனும் செறிவாக்கப்படுகின்றன. கரையில் பரந்து கிடக்கும்போது சிறிதாக இருந்த கதிரியக்கம் கழிவுக் குவியலில் பன்மடங்காகலாம். எனவே ஆலைத் தொழிலாளர் பெறும் அளவும் கழிவு கொட்டப்படும் இடத்தின் அளவும் வெளிப்படுத்தப்பட வேண்டும் என்று கோருவது மக்களின் உரிமையாகும்.

இதே பிரச்சினையைப் பிரிட்டன் எவ்வாறு கையாண்டது என்பது நோக்கத்தக்கது. அந்நாட்டின் கோர்ன்வோல் மாவட்டம் கிறனைட்டின் மேல் அமைந்தது. அங்கு வசிப்பவர் றேடனால் மாத்திரம் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிசிவேட் பெறுகின்றார். அதற்காக அம்மக்களை அங்கிருந்து எவரும் வெளியேற்றவில்லை. வீடுகள் அளக்கப்பட்டன, எந்தப் பகுதியில் வாய்ப்பு அதிகம் என்பதைக் காட்டும் வரைபடங்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 200 பெக்கரலுக்கு மேற்பட்ட வீடுகளில் தரையின் கீழ் ஒரு குழாயும் சிறிய மின்விசிறியும் பொருத்தி வாயுவை வெளியேற்றும் எளிய முறை பின்பற்றப்பட்டது. அளப்பதற்குத் தேவையானது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்ரிக் கருவி மாத்திரமே. மூன்று மாதங்கள் அறையில் வைத்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதுமானது.

எமது நாட்டில் இப்பணிக்குரிய நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் இலங்கை அணுசக்தி சபையும் அதனை வேறாக ஒழுங்குபடுத்தும் பேரவையும் அமைக்கப்பட்டன. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமும் பல்கலைக்கழகங்களின் புவிச்சரிதவியல், பௌதிகவியல் துறைகளும் உள்ளன. இவை ஒன்றிணைந்து மாவட்டந்தோறும் வீடுகளிலும் பாடசாலைகளிலும் லயன் அறைகளிலும் அளவீடு செய்து, முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வரைபடமாக வெளியிட வேண்டும். ஆங்கில ஆய்விதழ்களோடு நின்றுவிடும் தரவினால் கிராமத்துக் குடும்பத் தலைவிக்குப் பயன் எதுவும் இல்லை. இறக்குமதியாகும் கட்டடக் கற்கள் மாதிரிச் சோதனைக்கு உட்பட வேண்டும். கேட்டும் தகவல் தராதவிடத்து, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரஜைகளின் கையில் உள்ளது என்பதை எமது பிரதேச சபை உறுப்பினர்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாக சபையினரும் கிராம அமைப்புகளும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதுவரை மக்கள் செய்யக்கூடியவை எளியவை. பகலில் சில மணி நேரமாவது யன்னல்களைத் திறந்து வைத்தல், தரையின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தல், அடுப்புப் புகைக்கு வழி அமைத்தல், வீட்டினுள் எவரையும் புகைக்க விடாதிருத்தல் ஆகியவை றேடன் இருந்தாலும் இல்லாவிடினும் நுரையீரலுக்கு நன்மையே தரும். கல்லைக் கண்டு அஞ்சுவதால் எந்த வீட்டின் காற்றும் தூய்மையாவதில்லை. அக்காற்றில் இருப்பது எவ்வளவு என்று அறியும் உரிமை அதனைச் சுவாசிப்பவர்களுக்கு உண்டு. அந்த அளவை எடுத்து, மக்களின் மொழியில், மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் அறிவிக்க வேண்டிய பொறுப்பு அரசைச் சார்ந்ததாகும்.